திருப்பி அனுப்பும் அவசரம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

வீட்டு அடிக்குப் பயந்து செங்கோட்டையில் ரயிலேறி கேரளத்தின் புனலூரில் இறங்கும் திருநர் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் அங்குள்ள குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்க்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் உதவி கிடைக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ‘தமிழ்நாட்டுப் பிள்ளைதானே’ என்று சொந்த மாவட்டத்துக்கு உடனே அனுப்பினால், அடித்த கையிலேயே மறுபடி ஒப்படைத்ததாகிவிடும். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, விசாரித்து, பிள்ளையின் நலனுக்கு உகந்தது என்று தெரிந்த பிறகே மாற்றச் சொல்கிறது. பெற்றோர் பேச்சை மட்டும் கேட்டு எழுதுவது விசாரணை அறிக்கையே அல்ல. பிள்ளையைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும்.

பிள்ளையைத் தத்தெடுக்காமல் தங்களோடு வைத்துப் பார்த்துக்கொள்ளும் வளர்ப்புக் குடும்பத்துக்கு அதே சிறார் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு வழிவிடுகிறது. 2019 திருநர் சட்டத்தின் 12-ஆம் பிரிவோ மறுவாழ்வு மையத்தோடு நின்றுவிடுகிறது. எந்தக் காரணத்தாலும் பாகுபாடு கூடாது என்கிற சிறார் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைக் காட்டி, மையத்துக்கு முன் வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கும்படியே குழுவிடம் கேளுங்கள்.

குழந்தைநலப் பணியாளர்கள் சிலர்,
செங்கோட்டை