'ஏ' போட்டால்தான் கெத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அண்ணன் மகள் இங்கே சென்னையில் விஸ்காம் படிக்கிறாள். ஹாஸ்டல் ராகிங்கை வைத்து அவளும் நண்பர்களும் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார்கள், நன்றாகவே வந்திருக்கிறது. தியேட்டருக்குப் போகிற படம் என்றால் அது எந்த வயதினருக்கு என்று நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கும் சென்சார் அலுவலகம் பார்த்துச் சொல்லிவிடும். கல்லூரி அரங்கில் போடுகிற படத்துக்கு இவர்களே ஒரு எழுத்தை ஒட்டிக்கொள்கிறார்கள். "ஏ போடலாம் சித்தப்பா, அதுதான் கெத்து" என்கிறாள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. படத்தில் ரத்தம் கிடையாது, ஆபாசம் கிடையாது. ஆனால் நள்ளிரவில் ஜூனியர் பையனைச் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சுற்றி நின்று சிரிக்கிற காட்சி வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஓடுகிறது, அந்தப் பையன் முகத்தை விட்டு கேமரா நகர்வதே இல்லை. கெட்ட வார்த்தைக்கு பீப் போட்டிருக்கிறார்கள், சரி, உதட்டசைவிலேயே எல்லாம் தெரிகிறதே! ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு இது ஆகாது, அதில் சந்தேகமில்லை. அதற்காக 'ஏ' போட்டால் பதினெட்டு நிறையாதவர்கள் பார்க்கவே கூடாது என்றாகிவிடும், அப்படியென்றால் பிளஸ் டூ முடித்து வருகிற ஜூனில் பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போகப்போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வெளியே. 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது, இந்தப் படத்தை முதலில் பார்க்க வேண்டியதே அவர்கள்தான்.

இதற்குத்தான் வழி இருக்கிறதே. 2023-ல் சினிமா சட்டத்தைத் திருத்தி, சிறு பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்கிற பழைய யுஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் காட்டலாமா என்பதைப் பெற்றோரே முடிவு செய்துகொள்ளலாம், 'ஏ' மாதிரி வாசலில் தடுக்கிற சமாச்சாரம் இல்லை. ஓடிடியிலும் 2021 முதல் இதே வயதுக் கணக்குதான், வீட்டில் எல்லாருக்கும் பழகிய எண்கள். இந்தப் படத்துக்கு என் கணக்கில் 16+.

அப்புறம் இன்னொன்று. சில மாணவர் படங்களில் சென்சார் சான்றிதழ் மாதிரியே ஒரு அட்டையைச் செய்து ஆரம்பத்தில் போடுகிறார்கள். வாரியம் பார்க்காத படத்துக்கு எதற்கு இந்த வேஷம்? 'இது நாங்களே வைத்த வயது வரம்பு, ராகிங் காட்சியும் வசைச் சொற்களும் உண்டு' என்று இரண்டு வரி எழுதினால் போதாதா!

கல்லூரிகள் அந்த இரண்டு வரியை அழைப்பிதழிலேயே அச்சடிக்க வேண்டும். இப்போது எல்லா அழைப்பிதழிலும் இருப்பது 'அனைவரும் வருக' மட்டும்தான், அதை நம்பிப் பாட்டி பேரக்குழந்தையைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். படம் ஓட ஆரம்பித்த பிறகு அவரை யார் எழுப்புவது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை