தவணைக் கடனுக்குத் தனிவட்டி வாய்பாடு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நிதிக் கல்வியைத் தனிப் பாடமாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. தனிப் பாடம் வந்தால் ஒரு புத்தகம் வரும், கூடவே நோட்ஸ் வரும், 'சேமிப்பின் நன்மைகள் ஐந்து எழுதுக' என்று ஒரு வினாவும் வரும். அதைவிட, இப்போதுள்ள பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு கணக்கைச் சேர்ப்பது மேல்.

தனிவட்டியும் கூட்டுவட்டியும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பில் வட்டிக்கென்று பாடம் இல்லை. பிள்ளைகள் மனதில் தங்குவது 'அசல், காலம், வட்டி வீதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகு' என்பதுதான். அசல் முழுவதும் கடைசி நாள்வரை கடன் வாங்கியவர் கையிலேயே இருந்தால்தான் அந்த வாய்பாடு சரி. குழுக் கடனிலும் பைக் கடனிலும் செல்போன் தவணையிலும் அசல் மாதாமாதம் கரைகிறது. அசல் கரைந்தாலும் முதலில் கொடுத்த முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுவதுதான் ஃபிளாட் வட்டி. ஃபிளாட் வட்டிக்காரர் பள்ளிக்கூட வாய்பாட்டையே போட்டுக் காட்டுவார். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவியும் 'சரிதானே' என்று தலையாட்டுவாள்.

24,000 ரூபாய் கடன், ஃபிளாட் 12 சதவீதம், 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 2,880. மாதத் தவணை 2,240. அதில் அசல் 2,000, வட்டி 240. முதல் மாதம் 24,000 நிலுவைக்கு 240 வட்டி, அதாவது நூற்றுக்கு ஒன்று. கடைசி மாதம் நிலுவை வெறும் 2,000. அதற்கும் அதே 240, நூற்றுக்குப் பன்னிரண்டு. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து நிலுவைகளை வரிசையாக எழுதச் சொல்லலாம்: 24,000, 22,000, 20,000... 2,000. இது கூட்டுத் தொடர்வரிசை. 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தில் உள்ள கூடுதல் வாய்பாட்டைப் போட்டால் 1,56,000. பன்னிரண்டால் வகுத்தால் சராசரி நிலுவை 13,000. 2,880 வட்டி உண்மையில் இந்த 13,000-க்குத்தான். ஆக வட்டி ஏறக்குறைய 22 சதவீதம். நுணுக்கமாகப் போட்டால் 21½. பரிசீலனைக் கட்டணம், காப்பீடு என்று 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 23,000 மட்டும் கையில் கொடுத்தால் அது 30-ஐ ஒட்டி வந்துவிடும்.

தண்டலும் இதே கணக்குத்தான். 9,000 கையில் வாங்கி, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டுவது 'ஆயிரம்தானே' என்று தோன்றும். ஆண்டு வட்டியாக மாற்றினால் 75 சதவீதத்தைத் தாண்டும். 'ரெண்டு பைசா வட்டி' என்பது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம் என்பதையும் அப்படியே சொல்லிவிடலாம். பைசா என்றதும் சின்னத் தொகையாகத் தோன்றுவதுதான் அந்தப் பேச்சின் சாமர்த்தியம்.

கணக்குப் போட்ட பிறகு, கடன் தாளைப் படிக்கப் பழக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு 'முக்கிய உண்மைகள் அறிக்கை' தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் எந்த வரியைத் தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் கடன் தாளைக் கொண்டுவா என்று பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. குடும்பத்தின் கடன் வகுப்பறைக்குள் அம்பலமாகும். மாதிரித் தாள்களே போதும். இன்னொன்று, பாடம் நடத்த வெளியிலிருந்து ஆள் அழைத்தால் பாதி நேரம் பாலிசி விற்பனையில் போய்விடும். கணக்கு ஆசிரியரே இரண்டு பாடவேளையில் முடித்துவிடலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் கல்லூரியில் சேர்ந்ததும் மாணவர் கணக்கிலேயே வரவாகிறது. 'உன் அக்கவுன்டைக் கொஞ்ச நாள் கொடு, காசு தருகிறேன்' என்று வருகிறவரும் அந்த வயதுப் பிள்ளைகளைத்தான் தேடுகிறார். மோசடிப் பணம் அதன் வழியே போனால் கணக்கு முடங்கும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்குரியவரைத்தான். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையில்லை, ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். இதைச் சொல்லப் பத்து நிமிடம் ஆகாது.

தேர்வில் கேட்காததை வகுப்பில் நடத்த மாட்டார்கள். எனவே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு, ஒரு தவணை அட்டையை அச்சிட்டு 'இதன் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ எவ்வளவு?' என்று ஒரு கணக்கைக் கேட்க பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி,
திருச்சி