வாரப்போவது சேற்றை, சோதித்தது தண்ணீரை: தூர்வார ஒப்புதல் தந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். துறைமுகத்தைத் தூர்வாரத் தந்த ஒப்புதலோடு நீங்கள் இணைத்திருந்த ஆய்வறிக்கையைப் படித்தோம். 'கன உலோகங்கள் கண்டறியப்படவில்லை' என்று முடித்திருக்கிறீர்கள். எடுத்த மாதிரிகள் அத்தனையும் மேல்நீர். அடிச்சேற்றில் ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை.

ஈயம் போன்ற கன உலோகங்கள் பெரும்பாலும் நீரில் நெடுநாள் தங்காது. களிமண் துகளிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும். இது நீங்கள் அறியாததல்ல. அடியில் ஒரு குழாயைச் செருகி எடுத்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு. அதற்குக் கீழே மைக்கருப்பு, அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கருப்பில்தான் உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கின்றன. ஆக்சிஜன் படாதவரை பெரிதாகத் தொல்லை இல்லை. தூர்வாரும் வாளி கலக்கிவிட்டால் சல்பைடு சிதையும், காட்மியமும் துத்தநாகமும் நீருக்குத் திரும்பும், சிப்பிகளின் சதையில் ஏறும். வாரியதைக் கரையில் குவித்துக் காயவிட்டால் அமிலமும் ஊறி, மழைக்கு மழை உலோகம் கசியும்.

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசக் கழிவை விடுவது 1968-இல் நின்றது. பாதரசம் படிந்த சேற்றை அகற்றி, மூடி முடிக்க 1990 ஆயிற்று.

ஆகவே, சேற்றைச் சோதியுங்கள். அதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். வாரும் ஆழம்வரை குழாய் மாதிரி வேண்டும். அடிச்சேற்றைக் கவ்வி எடுக்கும் கருவி வேண்டாம், அது மேலேறும்போது நுண்சேறு கழுவிப் போய்விடும். குழாய்ச்சுவரில் பட்ட ஓரத்தைச் சீவி எறியுங்கள். நுண்சேற்றைப் பிரிக்கும் 63 மைக்ரான் சல்லடை நைலானாக இருக்கட்டும். பித்தளைச் சல்லடை தன் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் மாதிரியில் சேர்த்துவிடும். பாதரசம் பார்க்க வேண்டிய மாதிரியை 105 டிகிரி அடுப்பில் வைத்தால் பாதரசத்தில் ஒரு பகுதி பறந்துவிடும். உறைய வைத்து உலர்த்துங்கள். எந்த அமிலத்தில் கரைத்தீர்கள் என்றும் எழுதுங்கள். இராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) மண்ணின் சிலிகேட் கனிமங்களை முழுதாகக் கரைக்காது. அந்த எண்ணை மொத்த அளவோடு ஒப்பிட்டுப் பயனில்லை. மணல்திட்டில் மட்டும் எடுத்தால் எந்தத் துறைமுகமும் சுத்தம்தான், அதனால் களிமண் எவ்வளவு என்று காட்டும் அலுமினிய அளவால் வகுத்துக் காட்டுங்கள்.

தண்ணீர் ஓடிவிடும், சேறு இருந்த இடத்திலேயே சாட்சியாகக் கிடக்கும். அதைத் தொடாமல் விட்டதற்கு அதுதான் காரணமோ என்னவோ! மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. சேற்று ஆய்வு முடிவுகள் பொதுவில் வரும்வரை பணியை நிறுத்திவைக்கப் பணிவுடன் வேண்டுகிறோம். ஆய்வுக்கு முன்பே, மாதிரி எடுக்கப்போகும் இடங்களின் வரைபடத்தையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வண்டல் ஆய்வில் பணிபுரிவோர்