வெயிலைச் சுவருக்கு வெளியே நிறுத்தியவர்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவனுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கால்வலி இப்போது தேவலையா?

சின்னவள் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். அவள் படிப்புக்காகப் புதுச்சேரி போனபோது நானும் கூடப் போய், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைப் பார்த்தேன். 1930களில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் நாகஷிமா கட்டுமான இடத்திலேயே தங்கி, ஆசிரமவாசிகளோடு சேர்ந்து கட்டியிருக்கிறார்.

வழக்கமான ஜன்னல் ஒன்றுகூட அதில் கிடையாது. ஒவ்வொரு தளத்திலும் கீழிருந்து மேல்வரை அகலமான தகடுகளைப் படுக்கைவாட்டில் அடுக்கியிருக்கிறார்கள். திருப்பினால் காற்று வரும், மழை வந்தால் மூடிக்கொள்ளலாம். அறைகள் தெற்குப் பக்கம், நடைவழி வடக்குப் பக்கம். நடுவில் தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டுக் கோத்த தள்ளுகதவுகள். கதவைச் சாத்தினால் அறைக்குள் இருப்பவரைப் பார்க்க முடியாது, ஆனால் காற்று தடைபடாது. கூரையும் இரண்டு அடுக்கு. மேலே உள்ள வளைந்த கான்கிரீட் ஓடுகள் வெயிலை வாங்கிக்கொள்ள, அடியில் காற்று ஓடுகிறது. பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை.

இத்தனைக்கும், லண்டன் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் வெப்பமண்டலக் கட்டடக்கலைக்குத் தனித்துறை வந்தது 1954இல்தான். முதலில் அதை நடத்திய மேக்ஸ்வெல் ஃப்ரை, மனைவி ஜேன் ட்ரூவோடு மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டிப் பழகியவர். 1957இல் பொறுப்பேற்ற ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து, 1939 முதல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அவர் கட்டியவை இருக்கின்றன. அவர் இங்கே கற்றதுதான் அங்கே பாடமாயிற்று என்பது என் எண்ணம். இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இன்னொரு பெயரும் மனதை விட்டுப் போகவில்லை: இலங்கைக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா. லண்டனில் படித்துத் திரும்பி, 1950ஐ ஒட்டி கண்டியில் கட்டிய கருணாரத்ன வீட்டிலேயே உள்ளூர்க் கைவினைஞர்களின் தும்பறை என்ற கண்டிப் பகுதிப் பாய் நெசவையும் சுடுமண் வேலையையும் கான்கிரீட்டோடு சேர்த்துவிட்டார். அதே நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் புகழ்பெற்ற முற்றத்து வீடுகள் அதற்குப் பிறகு வந்தவை. பாவா பெரிய கலைஞர்தான், மறுக்கவில்லை. ஆனால் மினெட்டுக்குச் சேர வேண்டிய மரியாதை ரொம்பத் தாமதமாகவே வந்தது.

சரி, உன் புது வீட்டு விஷயம். மேற்கே முழுக்கக் கண்ணாடி வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்பா. உச்சி வெயிலை ஒரு சின்ன சன்ஷேடே மறைத்துவிடும். சாயங்கால வெயில் தாழ்ந்து நேராக உள்ளே பாயும், அதற்குச் சன்ஷேட் பயன்படாது. கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டாலும், வந்த சூடு வந்ததுதான். மேற்கே மாடிப்படி, குளியலறை, அலமாரி இப்படி ஏதாவது வரட்டும். திறப்பு வேண்டுமென்றால் வெளிப்பக்கம் செங்குத்தான தடுப்புகள் வை. படுக்கையறைகளில் எதிரெதிரே திறப்பு இருக்கட்டும், ஏசி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிளானைத் திசை குறித்து அனுப்பு. சின்னவளும் நானும் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறோம். அஸ்திவாரம் போடுவதற்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
ரகு