எத்தனை வென்றார்கள் என்பதோடு, யாரை வென்றார்கள் என்பதையும் எண்ணுங்கள்

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் கிரிக்கெட் குழுவினருக்கும், தலைமைச் செயல் அலுவலர்கள் குழுவினருக்கும்,

வணக்கம்.

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பின் இறுதிப் போட்டிக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுக்க நீங்கள் கையாளும் கணக்கு, ஓர் அணி யாருடன் மோதியது என்று கேட்பதே இல்லை. வெற்றிக்கு 12, டை ஆனால் 6, டிராவுக்கு 4 என்று புள்ளிகளைக் கூட்டுகிறீர்கள். ஆடிய டெஸ்டுகளில் பெற்றிருக்கக்கூடிய மொத்தப் புள்ளிகளால் அதை வகுத்து, கிடைக்கும் விழுக்காட்டின்படி அணிகளை வரிசைப்படுத்துகிறீர்கள். பட்டியலின் முதலிடத்தில் இருக்கும் அணியை அதன் சொந்த மண்ணில் வீழ்த்தினாலும் 12, கடைசி இடத்தில் இருக்கும் அணியை நம் ஊருக்கு வரவழைத்து வீழ்த்தினாலும் 12. அடுத்த சுற்று தொடங்குவதற்குள் இந்தக் கணக்கை மாற்றி, எதிரணியின் வலிமைக்கும் அதில் இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

எல்லா அணிகளும் ஒன்றோடொன்று சம எண்ணிக்கையில் மோதும் போட்டியில் இந்தக் கோரிக்கைக்கு அவசியமே இருக்காது. அங்கே எதிரணிகளின் வலிமை ஏறக்குறைய அனைவருக்கும் பொதுவாகிவிடுவதால் வெற்றிகளை எண்ணினாலே போதும். உங்கள் சாம்பியன்ஷிப்பின் அமைப்பு வேறு. அதில் 9 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் 8 எதிரணிகள். ஆனால் இரண்டாண்டுச் சுற்றில் சொந்த மண்ணில் 3, வெளியே 3 என்று 6 தொடர்கள்தான். ஆகவே எந்த அணியும் இரண்டு அணிகளைச் சந்திக்காமலேயே சுற்றை முடிக்கிறது. ஒரு தொடரில் 2 டெஸ்டுகளும் இருக்கலாம், 5 டெஸ்டுகளும் இருக்கலாம். 2023–25 சுற்றில் இங்கிலாந்து 22 டெஸ்டுகள் ஆடியது, தென்னாப்பிரிக்கா 12 டெஸ்டுகள் ஆடியது. இந்த இரு அணிகளையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைக்க விழுக்காடு ஒன்றே போதும் என்று முடிவெடுத்தபோது, எண்ணிக்கை வேறுபாட்டை மட்டும் சரிசெய்துவிட்டு, எதிரணிகளின் வேறுபாட்டை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

அந்தச் சுற்றில் தென்னாப்பிரிக்கா 8 வெற்றி, 3 தோல்வி, 1 டிராவுடன் 144 புள்ளிகளுக்கு 100 பெற்று, 69.44 விழுக்காட்டில் முதலிடம் பிடித்தது. அந்த 12 டெஸ்டுகளில் ஒன்றுகூட ஆஸ்திரேலியாவுடனோ இங்கிலாந்துடனோ ஆடியதல்ல. இதைச் சுட்டிக்காட்டி அந்த அணி எளிய வழியில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை 5 விக்கெட்டுகளில் வென்று அவர்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். அந்த வெற்றியின் பெருமையில் ஒரு துளியும் குறைக்க எனக்கு எண்ணமில்லை. அட்டவணையை அவர்களாகவே வகுத்துக்கொள்ளவில்லை. இருந்தும் மாதக்கணக்கில் பழியைச் சுமந்தவர்கள் அவர்கள்தான். எதிரணியின் வலிமையைக் கணக்கில் கொண்ட ஒரு பட்டியல் இருந்திருந்தால், அவர்களுக்கு முதலிடம் தகுமா என்ற கேள்விக்கு இறுதிப் போட்டிக்கு முன்பே ஒரு நியாயமான விடை இருந்திருக்கும். இன்றைய பட்டியலை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை யாராலும் தீர்க்க முடியாது.

விழுக்காடு எப்படித் தடம் மாற்றுகிறது என்பதைச் சிறிய கற்பனை எடுத்துக்காட்டு ஒன்றில் காட்டுகிறேன். அ, ஆ, இ, ஈ என நான்கு அணிகள். அ-வும் ஆ-வும் வலிமையானவை. தமக்குள் 4 முறை மோதி ஆளுக்கு 2 வென்றிருக்கின்றன. இரண்டுமே இ-யுடன் 2 முறை மோதி இரண்டிலும் வென்றிருக்கின்றன. ஈ அணியோ இ-யுடன் மட்டும் 4 முறை மோதி, 3 வென்று 1 தோற்றிருக்கிறது. வெற்றி விழுக்காட்டின்படி ஈ-க்கு 75, அ-வுக்கும் ஆ-வுக்கும் 67. முதலிடம் ஈ-க்கு. ஆனால் ஈ வென்றதெல்லாம் மற்றவர்களிடம் ஒரு முறைகூட வெல்லாத அணியை; அதனிடமும் ஒரு முறை தோற்றிருக்கிறது.

வெஸ்லி காலி என்ற அமெரிக்க வானியற்பியலாளர் அமெரிக்கக் கால்பந்து ஆடும் கல்லூரி அணிகளுக்காக உருவாக்கிய முறையில் இதே முடிவுகளைப் போட்டுப் பார்க்கலாம். அந்த முறையில் ஓர் அணியின் மதிப்பு இப்படி வருகிறது: வெற்றிகளிலிருந்து தோல்விகளைக் கழித்துப் பாதியாக்கி, அதோடு மோதிய ஒவ்வோர் எதிரணியின் மதிப்பையும், எத்தனை முறை மோதினார்களோ அத்தனை முறை கூட்ட வேண்டும், பிறகு 1 கூட்டி, ஆடிய ஆட்டங்களோடு 2 கூட்டி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். ஒவ்வோர் அணியின் மதிப்பும் மற்ற அணிகளின் மதிப்பைச் சார்ந்திருப்பதால், நான்கு சமன்பாடுகளை ஒருசேரத் தீர்க்க வேண்டும். தீர்த்தால் அ, ஆ இரண்டுக்கும் 0.625, ஈ-க்கு 0.5, இ-க்கு 0.25 கிடைக்கும். ஈ-யைச் சரிபார்ப்பது எளிது: 3-இலிருந்து 1 போக 2, அதில் பாதி 1, இ-யின் 0.25-ஐ நான்கு முறை கூட்டினால் இன்னொரு 1, ஆக 2. அதோடு 1 கூட்டி 3, ஆட்டங்கள் 4-உடன் 2 கூட்டி 6, விடை 0.5. பள்ளி மாணவர் ஒருவர் ஒரு தாளில் செய்து முடிக்கக்கூடிய கணக்கு இது. விழுக்காடு முதலிடம் தந்த அணி, இங்கே மூன்றாம் இடத்தில் சரியாகப் போய் அமர்கிறது.

அந்த 1-உம் 2-உம் வெறும் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆட்டம் ஆடி வென்ற அணிக்கு விழுக்காட்டுக் கணக்கு நூற்றுக்கு நூறு தந்துவிடும். குறைவாக ஆடியவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் குறைவுதான் என்பதால், அவர்களின் மதிப்பை நடுப்புள்ளியான பாதிக்கு அருகே இழுத்து வைக்கவே அந்த இரு எண்கள். 12 டெஸ்டையும் 22 டெஸ்டையும் ஒப்பிட வேண்டிய பட்டியலுக்கு இதைவிடத் தேவையான குணம் வேறில்லை.

இது புதிய சிந்தனையும் அல்ல. எல்லோரும் எல்லோருடனும் மோதாத சதுரங்கப் போட்டிகளை எப்படி மதிப்பிடுவது என்று ஜெர்மன் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் ஸெர்மெலோ 1929இலேயே எழுதிவிட்டார். எதிராளியின் வலிமையை வைத்து வீரர்களை மதிப்பிடும் அர்பாட் ஈலோவின் முறையைச் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. அதில் இருவருக்கும் இடையே 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், வலியவர் 11 ஆட்டங்களில் 10 புள்ளி எடுப்பார் என்பதே எதிர்பார்ப்பு, ஆகவே வென்றாலும் அவருக்கு அற்பமே கிடைக்கும், தோற்றால் இழப்பு பெரிது. இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உங்கள் அணித் தரவரிசையே எதிரணியின் மதிப்பீட்டை எடுத்துக்கொண்டுதான் இயங்குகிறது. மதிப்பீட்டில் நெருங்கியிருக்கும் இரு அணிகளில் வென்ற அணிக்கு எதிரணியின் மதிப்பீட்டோடு 50 கூட்டியும், தோற்ற அணிக்கு 50 கழித்தும் தருகிறீர்கள். கோப்பை எதுவும் தராத தரவரிசைக்குப் பொருத்தமாகத் தோன்றிய அந்த நியாயம், கோப்பையைத் தீர்மானிக்கும் பட்டியலில் ஏன் இல்லாமல் போனது என்பது எனக்கு விளங்கவில்லை.

கணக்கில் ஓட்டை இருந்தால் அட்டவணை அந்த ஓட்டையை நோக்கி நகரும் என்பதற்குக் கால்பந்தில் சான்று இருக்கிறது. ஃபிஃபாவின் பழைய தரவரிசை சராசரியில் இயங்கியது. அதில் நட்புறவு ஆட்டங்களுக்கு மதிப்பு குறைவு என்பதால், அவற்றை ஆடினால் சராசரி இறங்கும். இதைக் கணித்து நட்புறவு ஆட்டங்களைத் தவிர்த்து வந்த போலந்து, 2018 உலகக் கோப்பைக் குலுக்கலில் வலிய அணிகளுக்கான முதல் தொகுப்பில் இடம் பெற்றது. போலந்து எந்த விதியையும் மீறவில்லை. அந்த ஆண்டே ஃபிஃபா ஆண்கள் தரவரிசையை ஈலோ வழியிலான முறைக்கு மாற்றியது. டெஸ்ட் தொடர்களை வாரியங்கள் தமக்குள் பேசி முடிவு செய்யும் நம் விளையாட்டில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. எளிய எதிரணிகளோடு ஆடுவதற்கு இன்றைய கணக்கில் எந்த விலையும் இல்லை; வலிய அணியோடு 5 டெஸ்ட் ஆடும் துணிவுக்கு எந்தப் பரிசும் இல்லை. நீண்ட தொடர்கள் அருகி வருவதைக் கண்டு வருந்தும் ரசிகர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ரசிகர்களுக்குப் புரியாது என்பதே உங்கள் தரப்பிலிருந்து வரக்கூடிய முதல் மறுப்பு. 1992 உலகக் கோப்பை அரையிறுதியில், மழைக்குப் பின் தென்னாப்பிரிக்காவுக்கு 1 பந்தில் 22 ஓட்டங்கள் என்று பலகை காட்டியபோது பயன்பட்ட விதி எல்லோருக்கும் புரிகிற எளிய விதிதான். அதற்கு மாற்றாக 1997 முதல் வந்த டக்வொர்த்–லூயிஸ் முறையைப் பெரும்பாலான ரசிகர்களால் கையால் கணக்கிட முடியாது. ஆயினும் அதன் முடிவுகள் நியாயமாக இருப்பதைக் கண்ணால் கண்டு ஏற்றுக்கொண்டார்கள். மேலே காட்டிய கணக்கு அதைவிடப் பல மடங்கு எளியது. ஒரு சிக்கல் உண்மையிலேயே உண்டு: இம்முறையில் ஓர் அணி ஆடாத நாளிலும், அது முன்பு மோதிய எதிரணியின் முடிவால் அதன் மதிப்பு மாறும். இறுதிப் போட்டிக்கு என்ன வேண்டும் என்று அணிகள் மனக்கணக்காகச் சொல்ல முடியாமல் போகும். இதற்கு மாற்று, ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் வெற்றி, தோல்வி, டிரா மூன்றுக்கும் பட்டியல் எப்படி மாறும் என்று நீங்களே வெளியிடுவது.

அந்த வெளியீட்டை யாரும் இலேசாக எண்ணிவிடக் கூடாது. 2023 ஆசியக் கோப்பையில், அது உங்கள் தொடர் அல்ல என்றாலும், இலங்கைக்கு எதிராக ஆப்கானிஸ்தான் 37.1 ஓவர்களில் 292 எடுத்தால் அடுத்த சுற்று என்ற நிலை இருந்தது. 37 ஓவர் முடிவில் 8 விக்கெட்டுக்கு 289. அடுத்த பந்தில் ஒரு விக்கெட் விழுந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணிவிட்டார்கள். 37.4 ஓவருக்குள் ஒரு சிக்ஸர் அடித்து 295ஐத் தொட்டிருந்தாலும் நிகர ஓட்ட விகிதத்தில் தகுதி பெற்றிருக்கலாம் என்ற செய்தி அவர்களை எட்டவில்லை. களத்தில் இருந்தவர் இரண்டு பந்துகளைத் தடுத்தாடிவிட்டு, மூன்றாவதில் ஆட்டமிழந்தார். எதிர்முனையில் ரஷீத் கான் நின்றிருந்தார். வெறும் கூட்டலும் வகுத்தலுமான கணக்கிலேயே இந்தக் கதி.

முறையை முழுமையாக வெளியிடுங்கள் என்று நான் கேட்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இறுதிப் போட்டிக்கான அணிகளைத் தேர்ந்தெடுக்க 6 கணினித் தரவரிசைகள் பயன்பட்ட காலத்தில், தன் முறையை முழுமையாகப் பொதுவில் வைத்தவர் காலி ஒருவரே. 2010 டிசம்பரில் அவருடைய தரவில் ஓர் ஆட்டத்தின் முடிவு விடுபட்டிருந்ததை வெளியாள் ஒருவர் கண்டுபிடித்தார். திருத்தியதும் மொத்தப் பட்டியலில் 10, 11 ஆகிய இடங்களில் இருந்த இரு அணிகள் இடம் மாறின. மற்ற ஐந்து பட்டியல்களை அப்படிச் சோதிக்க வெளியாருக்கு வழியே இருக்கவில்லை.

குறித்த நேரத்துக்குள் ஓவர்களை வீசி முடிக்காததற்கான புள்ளிக் கழிவையும் இந்தப் பட்டியலிலிருந்து பிரித்துவிடுங்கள். 2023–25 சுற்றில் ஆஸ்திரேலியாவுக்கு 10 புள்ளிகள் கழிக்கப்பட்டன. கழிக்காவிட்டால் அதன் விழுக்காடு 67.54இலிருந்து 71.93 ஆகி, தென்னாப்பிரிக்காவை முந்தியிருக்கும். 22 புள்ளிகளை இழந்த இங்கிலாந்து 43.18 விழுக்காட்டுடன் 5ஆம் இடத்தில் முடித்தது. எல்லா அணிகளின் கழிவுகளையும் நீக்கிப் பார்த்தால் இந்தியாவையும் நியூசிலாந்தையும் தாண்டி அது 3ஆம் இடத்துக்கு வந்திருக்கும். ஓவர் வீதத்துக்குத் தண்டனை தேவை என்பதை மறுக்கவில்லை. அதை அபராதமாகவோ, தடையாகவோ வைத்துக்கொள்ளுங்கள். எந்த அணி வலிமையானது என்று அளக்கும் எண்ணில் அதைக் கலந்தால், அந்த எண் எதை அளக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது.

சொந்த மண்ணின் சாதகத்தை ஃபிஃபாவின் மகளிர் தரவரிசை 2003 முதலே கணக்கில் கொள்கிறது. டெஸ்ட் கிரிக்கெட்டில் ஆடுகளத்தின் ஆதிக்கம் கால்பந்தைவிடப் பெரிது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதிரணியின் வலிமை என்ற முதற்படியை எடுத்தபின் இதையும் பரிசீலியுங்கள்.

எந்த மாற்றமும் முதல் பந்துக்கு முன் அறிவிக்கப்பட வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொரு தொடருக்கும் 120 புள்ளிகள் என்று தொடங்கிவிட்டு, பெருந்தொற்றுக் காலத்தில், 2020 நவம்பரில், நடுவழியில் விழுக்காட்டுக்கு மாறினீர்கள். 360 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்த இந்தியா, 296 புள்ளிகள் வைத்திருந்த ஆஸ்திரேலியாவுக்குக் கீழே ஒரே நாளில் இறங்கியது. அந்தக் காலத்தின் நெருக்கடி புரிந்துகொள்ளக்கூடியது. அதே காரணத்தால் இன்றைய 2025–27 சுற்றின் விதியை இப்போது மாற்றுமாறு நான் கேட்கவில்லை. இந்தச் சுற்று முழுவதும், அதிகாரப் பட்டியலின் பக்கத்திலேயே, எதிரணி வலிமையைச் சேர்த்த இரண்டாவது பட்டியலையும் அதன் சூத்திரத்தோடு வெளியிடுங்கள். யாருடைய இடமும் அதனால் பறிபோகாது. இரு பட்டியல்களும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை வீரர்களும் வாரியங்களும் ரசிகர்களும் இரண்டாண்டுகள் பார்த்த பிறகு, 2027இல் தொடங்கும் சுற்றுக்கான விதியைத் திறந்த விவாதத்தில் முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
கணிதம் கற்பிக்கும் ஒரு டெஸ்ட் ரசிகன்