பட்ட மரத்தை அடியோடு வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஏலத்தோட்டங்களில் நிற்கும் பட்ட மரங்களையெல்லாம் மழைக்கு முன் அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மேல் சாயும் மரமென்றால் சரி. மற்றவற்றை எடுக்க ஏன் இந்த அவசரம்?

குமுளி, வண்டன்மேடு பக்கத்து நிழல் மரங்களில் தீக்காக்கை என்ற பறவை உண்டு. பேர்தான் காக்கை, அந்தக் குடும்பமே இல்லை. ஆணுக்குத் தலை கறுப்பு, மார்பில் வெள்ளைப் பட்டை, வயிறு செக்கச்சிவப்பு. பெண்ணுக்கு வயிறு காவி மஞ்சள். இத்தனை நிறமிருந்தும் சட்டென்று கண்ணில் படாது. ஆளைக் கண்டால் பழுப்பு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். புழுவும் பூச்சியும்தான் முக்கிய இரை.

பட்ட மரத்தைக் குடைந்து அது கூடு வைப்பது பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. விறகுக்கு ஆள் விடுவதும் அதே கோடையில்தான், சிக்கலே அங்கேதான். இதன் அலகு குட்டை. மரங்கொத்தி மாதிரி உறுதியான மரத்தில் கொத்த முடியாது. கட்டைவிரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர வேண்டும், அப்படி மக்கிய கட்டைதான் அதற்கு ஆகும். அதைக் குடையவே ஒரு மாதம் போல ஆகிறது. பெரும்பங்கு வேலை பெண்ணுக்கு. உள்ளே புல்லோ பஞ்சோ கிடையாது, மரத்தூள் மேலேயே 2 முட்டை. சுமார் 19 நாள் அடை: இரவெல்லாம் பெண், பகலில் சில மணி நேரம் ஆண்.

சாயும் மரத்தைக்கூட மேல்பாகம் மட்டும் கழித்து 6 முதல் 8 அடி விட்டுவைக்கலாம். விழுந்து ஏலச்செடியை நசுக்காது, நின்றபடியே மக்கும். ஏற்கெனவே மக்கிய கட்டையென்றால் கோடாலி வைக்குமுன் ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் புதிய மரத்தூள் சிதறிக் கிடந்தாலோ, கிண்ணம் போலக் குடைந்திருந்தாலோ ஜூன் கழியட்டும்.

மக்கிய கட்டையிலிருந்து தண்டுத் துளைப்பான் பரவும் என்ற பயம் வேண்டாம். அந்தப் புழு ஏலத்தின் தண்டையும் காயையும் துளைத்துத் தின்பது; செத்த மரம் அதற்கு உதவாது. தேயிலைக்காரர்கள் கட்டையைத் தோண்டி எடுப்பது வேர் நோய்க்குப் பயந்து, அது வேறு கணக்கு.

எதை விடலாம் என்று பொறுக்கிப் பார்ப்பதானால் கல்யாண முருங்கை போன்ற மென்மரத்தை நிற்க விடுங்கள், சீக்கிரம் மக்கும். ஈட்டி மரம் எத்தனை வருஷம் நின்றாலும் வைரம் பாய்ந்த நடுக்கட்டை அப்படியே இருக்கும், தீக்காக்கைக்குப் பயன்படாது.

பறவை பார்ப்போர் சிலர்,
குமுளி