'திறந்த இதயம்' என்றால் எது திறக்கப்படுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓபன் ஹார்ட் சர்ஜரி, பைபாஸ், ஸ்டென்ட் ஆகிய மூன்றும் ஒன்றே என்பதுபோல நாளிதழ்ச் செய்திகளில் மாறி மாறி எழுதப்படுகின்றன. என் தாயாருக்கு மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையே ரத்தத்தை ஒரே திசையில் விடும் தடுப்பிதழ்) மாற்றப்பட்டபோது, 'திறந்த இதய அறுவை சிகிச்சை' என்ற பெயரைக் கேட்டே உறவினர் பலர் நம்பிக்கை இழந்ததைக் கண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் மருத்துவர்கள், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் விரலை நுழைத்து, கண்ணால் பாராமல் தொட்டுணர்ந்தே சுருங்கிய வால்வை விரித்தார்கள். அது 'மூடிய' முறை. இதய அறையைத் திறந்து, உள்ளே கண்ணால் பார்த்துச் செய்வதே 'திறந்த' முறை. 1953 மே 6 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அறுவை மருத்துவர் ஜான் கிப்பன், 18 வயதுப் பெண்ணின் இதய மேலறைகளுக்கு இடையே இருந்த துளையை அடைத்தபோது, அந்தப் பெண்ணின் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் 26 நிமிடம் ஓர் இயந்திரமே முழுமையாகச் செய்தது.

இன்றும் அடிப்படை அதுவே. மார்பெலும்பை நெடுக்காக அறுத்து, ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தி, குழாய்கள் வழியே ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றிப் பெருந்தமனிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். பொட்டாசியம் கலந்த கரைசல் இதயத் துடிப்பை நிறுத்திவைக்கிறது. பழுது நீக்கியபின் இதயத் தசைக்கு மீண்டும் ரத்தம் பாயும்போது துடிப்பு திரும்புகிறது. எலும்பை எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அது கூடுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் என் தாயார் இருமல் வரும்போதெல்லாம் ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்வார். வெட்டிய இதயத்தைக் காட்டிலும் அறுத்த எலும்பே அவருக்கு அதிகம் வலித்தது என்பதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

பைபாஸில் இதயத்தின் அறைகள் திறக்கப்படுவதில்லை. காலிலிருந்தோ மார்பிலிருந்தோ எடுத்த ரத்தக்குழாயை, இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாயிலுள்ள அடைப்பைத் தாண்டி இதயத்தின் மேற்பரப்பில் இணைக்கிறார்கள்; இதயம் துடிக்கும்போதே இதைச் செய்வதும் உண்டு. மார்பைத் திறப்பதால் இதையும் அதே பெயரால் அழைக்கும் வழக்கம் மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. அதில் பிழை காண வேண்டியதில்லை. ஆனால் கை அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாக ஸ்டென்ட் (அடைபட்ட குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைப்பதையும் அந்தப் பெயரில் எழுதுவது தவறு. அதில் மார்பில் கத்தியே படுவதில்லை.

ஆகவே இத்தகைய செய்திகளில் வால்வு மாற்றமா, துளை அடைப்பா, பைபாஸா, ஸ்டென்டா என்பதை ஒரு வரியில் குறிப்பிடும்படி தங்கள் செய்தியாளர்களை அறிவுறுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்